சாப்பிடாமல் திரும்பிய தட்டு

வாசகி கடிதம்:

"அன்புள்ள அக்கா, டர்பன் சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 54 வயது, அம்மாவுக்கு 81. செப்டம்பர் கடைசியில் அம்மாவுக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அரசு மருத்துவமனையில் 19 நாள் வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு முப்பது வருஷமாகச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். வாதத்துக்குப் பிறகு இங்கிலீஷ் சுத்தமாகப் போய்விட்டது. தமிழ் மட்டும் அரைகுறையாக வருகிறது.

நாலாம் நாள் காலையில் போனபோது அம்மா உடம்பெல்லாம் வேர்த்துக் கிடந்தார், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. சுகர் 2.8. இன்சுலின் போட்டிருக்கிறார்கள், ஆனால் அம்மா சாப்பிடவே இல்லை. ஃபைலில் 'ஒத்துழைக்கவில்லை, உணவை மறுக்கிறார்' என்று எழுதியிருந்தது. புரட்டாசி மாதம் அக்கா. தட்டில் கோழி. அம்மா புரட்டாசியில் கறி தொட்டதே இல்லை. நான் வார்டு நடுவில் நின்று கத்திவிட்டேன். அன்றிலிருந்து என்னைப் பார்த்தாலே நர்ஸ்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணன், 'வாயை மூடிட்டு இரு, கோபத்தை அம்மா மேலதான் காட்டுவாங்க' என்கிறான். அம்மாவின் சிறுநீரகம் பலவீனம், டயாலிசிஸ் கிடையாது என்று டாக்டர் சொன்னதைக் கேட்டு, ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் தம்பி, 'வக்கீலைப் பார்' என்கிறான். அம்மா 'வீட்டுக்குப் போலாம்' என்பதைத் தவிர ஒன்றும் சொல்லவில்லை.

இப்போது வீட்டில் வைத்துப் பார்க்கிறேன். அடுத்த மாதம் செக்கப்புக்குக் கூட்டிப்போக வேண்டும். நான் எவ்வளவு பேசலாம்? பக்கத்துக் கட்டிலில் ஒரு ஜூலு கோகோ (பாட்டி) இருந்தார், 19 நாளில் அவரைப் பார்க்க ஒருவரும் வரவில்லை. அந்த மாதிரி ஆட்களுக்கு யார் பேசுவது?"

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் 2.8 என்ற எண்ணில் நின்றுவிட்டேன். இந்த ஊர் கணக்கில் (mmol/L) 4-க்குக் கீழே இறங்கினாலே குறைவு என்று வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் 2.8. இன்னும் ஒரு மணி நேரம் தாமதித்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நீங்கள் கத்தியதை நான் குறை சொல்ல மாட்டேன். எந்த மகளும் கத்தியிருப்பாள்.

ஆனால் அந்த நாலு நாளை மெதுவாகத் திரும்பிப் பாருங்கள். தட்டு வந்தது. அம்மா தலையைத் திருப்பிக்கொண்டார். தட்டை எடுத்துப் போனவருக்கு அம்மா பேசியது புரியவில்லை. ஊசி போட்டவர் வேறு ஒருவர், தட்டு திரும்பிப் போனது அவருக்குத் தெரியாது. இதில் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: சாப்பிட்டாரா என்று பார்க்காமல் சாப்பாட்டு நேர இன்சுலினைப் போடக் கூடாது. அது அவர்கள் பொறுப்பு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். ஆனால் 'புரட்டாசி' என்ற ஒரு சொல் அந்தக் கட்டிடத்தில் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். ஜூலு மக்கள் வாழும் உம்லாசியிலிருந்து வேலைக்கு வரும் நர்ஸுக்கு அது எப்படித் தெரியும்? முதல் நாளே அது ஃபைலின் மேல் இருந்திருந்தால், 'ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிய கை 'மரக்கறிச் சாப்பாடு தேவை' என்று எழுதியிருக்கும்.

27 வருஷம் மருத்துவமனை சோஷியல் வொர்க்கராக வேலை செய்தேன். குடும்பத்தார் இந்த ஊர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரும் மிகப் பெரிய உதவி இந்த மாதிரித் தகவல்தான். நோயைப் பற்றி டாக்டருக்குத் தெரியும். இந்த மனுஷி யார், எதற்குச் சிரிப்பார், எதைச் சாப்பிட மாட்டார், நேற்றுவரை எப்படி இருந்தார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். முதியவர்களுக்கு மருத்துவமனையில் திடீரென்று வரும் மனக்குழப்பத்தைக் கண்டுபிடிக்க, குடும்பத்தாரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கும் முறையே இருக்கிறது: 'வழக்கத்தைவிட இவர் குழப்பமாக இருக்கிறாரா?' அவ்வளவுதான். அவர்கள் கேட்காவிட்டால் நீங்களே போய்ச் சொல்லலாம். "இது அம்மாவின் வழக்கம் இல்லை, நேற்று சாயங்காலம் என் பெயர் சொல்லிக் கூப்பிட்டார், இன்று என்னைத் தெரியவில்லை" என்று சொன்னால் எந்த நல்ல சிஸ்டரும் திரும்பிப் பார்ப்பார்.

அதனால் செக்கப்புக்கு முன் முதல் வேலையாக அம்மாவைப் பற்றி ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம், யாரும் படிக்க மாட்டார்கள். ஃபைலில் இருக்கும் பெயர் வேறு, அம்மா திரும்பிப் பார்க்கும் வீட்டுப் பெயர் வேறு இல்லையா, அதைப் பெரிதாக மேலே எழுதுங்கள். இன்சுலின் எவ்வளவு, எந்த நேரம், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. எந்த மாதம், எந்தக் கிழமை கறி கிடையாது. கண்ணாடி, பல் செட், காது மெஷின் இருந்தால் அதையும் எழுதுங்கள். இவை பையிலேயே கிடந்தால் முதியவர்களுக்குக் குழப்பம் கூடும். அப்புறம் அம்மா இப்போது சொல்லும் தமிழ்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் இங்கிலீஷிலும் ஜூலுவிலும் அர்த்தம் போடுங்கள். தண்ணி என்றால் அமான்சி. வலிக்குது என்பதற்கு நேராக உபுஹ்லுங்கு. பசி, போதும், மூத்திரம் வருது. பத்துச் சொல் போதும். நான் வேலையில் இருந்தபோது இப்படி ஒரு காகிதம் கட்டில் தலைமாட்டில் ஒட்டியிருந்த நோயாளியிடம் நர்ஸ்கள் நின்று பேசுவதைப் பார்த்திருக்கிறேன். 'தண்ணி' என்று சொல்லிப் பார்த்து அவர்களே சிரிப்பார்கள். அந்தப் பாட்டியும் சிரிப்பார்.

மொழி விஷயத்தில் நீங்கள் சலுகை கேட்பதாக நினைக்க வேண்டாம். நோயாளிக்குப் புரியும் மொழியில், முடிந்த அளவுக்கு, அவருடைய படிப்புக்கு ஏற்றபடி விளக்க வேண்டும் என்று 2003-ஆம் ஆண்டு தேசிய சுகாதாரச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு சொல்கிறது. மரியாதை தரப்பட வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழ் என்ற பெயரே தென்னாப்பிரிக்க அரசியலமைப்பில் இருக்கிறது. வார்டில் தமிழ் தெரிந்த சுத்தம் செய்யும் அம்மா ஒருவர் இருந்தால்கூடப் போதும், கூப்பிடச் சொல்லிக் கேளுங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய ஒன்றைச் சொல்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். அண்ணன் என்ன சொன்னார், தம்பி என்ன சொன்னார், டாக்டர் என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அம்மா சொன்னதாக ஒரே ஒரு வரி: 'வீட்டுக்குப் போலாம்'. அதையும் 'ஒன்றும் சொல்லவில்லை' என்ற கணக்கில் சேர்த்துவிட்டீர்கள்.

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என் அப்பாவுக்கு நானே இதைச் செய்தேன். சர்க்கரைப் புண்ணால் கால் அழுகிப்போய், முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அப்பாவுக்கு இங்கிலீஷ் போதாது. நான்தான் மொழிபெயர்த்தேன். தாங்கிக்கொள்ள மாட்டார் என்று நானே முடிவு பண்ணி, "புண்ணை நல்லா சுத்தம் பண்ணப் போறாங்கப்பா, கையெழுத்துப் போடுங்க" என்றேன். போட்டார். கண் விழித்து, போர்வையைத் தடவிப் பார்த்து, "என் காலை என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அதற்கப்புறம் ஏழு வருஷம் உயிரோடு இருந்தார். என்னிடம் அதைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. காலை எடுத்தபோது நான் வேலையில் சேர்ந்து ஆறு வருஷம். நோயாளியின் உரிமை என்று மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன்.

'எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்' என்ற முழக்கத்தை 1990-களில் இந்த நாட்டு மாற்றுத்திறனாளிகள் இயக்கம் ஓங்கிச் சொன்னது. அவர்கள் அதைச் சொன்னது அரசாங்கத்தைப் பார்த்து. பாசமுள்ள குடும்பத்துக்கும் அது பொருந்தும் என்று நான் அப்பாவிடம் கற்றுக்கொண்டேன்.

வாதத்தில் பேச்சு போனவரிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். சொல்கிறேன். காலையில், தூங்கி எழுந்து சாப்பிட்ட பிறகு கேளுங்கள். டிவியை அணைத்துவிடுங்கள். எதிரே உட்கார்ந்து, ஒரு நேரத்துக்கு ஒரே கேள்வி, சின்னதாக. கேட்டுவிட்டுக் காத்திருங்கள், நமக்கு ஒரு நிமிஷம் சும்மா இருப்பது கஷ்டம், ஆனால் அவர்களுக்குச் சொல் வந்து சேர அந்த நேரம் வேண்டும். நடுவில் நீங்கள் முடித்துவைக்காதீர்கள். படம் காட்டலாம், இரண்டு பொருளைக் கையில் பிடித்துக் காட்டலாம். இவர்களுக்கு 'ஆமாம்', 'இல்லை' மாறி வருவதுண்டு. அதனால் அதே விஷயத்தைப் பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிக் கேளுங்கள். "ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?" என்று கேட்டுவிட்டு, பிறகு "வீட்டிலேயே இருக்கணுமா?" இரண்டு பதிலும் ஒன்றுக்கொன்று பொருந்தினால் அது அம்மாவின் பதில். வேறொரு நாளும் கேட்டுப் பாருங்கள். பதிலையும் தேதியையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பேச்சுப் பயிற்சியாளர் இருந்தால் அவர் இதை இன்னும் நன்றாகச் செய்வார். வாதம் வந்தவருக்கு விழுங்குவதில் சிக்கல் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவர்தான். அம்மாவுக்கு அதைச் செய்தார்களா? கடிதத்தில் இல்லை. தண்ணீர் குடிக்கும்போது இருமுகிறாரா, சாப்பிட்ட பிறகு குரல் கரகரப்பாகிறதா என்று இன்றே கவனியுங்கள். இருந்தால் செக்கப் வரை காத்திருக்க வேண்டாம்.

'நான் எவ்வளவு பேசலாம்?' என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டப்படி உங்கள் இடம் என்ன என்று சொல்கிறேன். நோயாளிக்குச் சுயநினைவும் புரிதலும் இருக்கும்வரை சம்மதம் அவருடையது. அவரால் முடியாதபோது, அவர் எழுத்தில் யாருக்குப் பொறுப்புக் கொடுத்திருக்கிறாரோ அவர் முடிவு சொல்லலாம். அப்படி யாரும் இல்லை என்றால் கணவன் அல்லது மனைவி, அப்புறம் பெற்றோர், தாத்தா பாட்டி, வயது வந்த பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் என்று அதே சுகாதாரச் சட்டத்தின் 7-ஆம் பிரிவில் வரிசை இருக்கிறது. உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று பாருங்கள். பிள்ளைகள் மூன்று பேரும் ஒரே படியில் நிற்கிறீர்கள். ஒருவர் பேசாதே என்கிறார், ஒருவர் வழக்குப் போடு என்கிறார். அம்மாவுக்குப் புரிதல் இருக்கும் இந்த நாட்களிலேயே, தனக்காக யார் பேச வேண்டும் என்று அவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் பெயரைச் சொல்வார் என்று நினைக்கிறேன், ஆனால் மூன்று பேர் படத்தையும் காட்டிக் கேளுங்கள். வலது கை எழுதாது என்றால் இடது கைப் பெருவிரல் வைக்கட்டும், குடும்பத்துக்கு வெளியே இரண்டு சாட்சி போடுங்கள், அம்மாவுக்கு இது புரிகிறது என்று டாக்டரை ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். அதே தாளில் மருத்துவத் தகவலை உங்களிடம் சொல்லலாம் என்றும் ஒரு வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் 'ரகசியம், சொல்ல முடியாது' என்று போனில் வைத்துவிடுவார்கள், அதுவும் சட்டப்படிதான்.

இதில் பலர் ஏமாறும் ஒரு விஷயம் உண்டு. பாங்குக்குக் கொடுக்கும் பவர் ஆஃப் அட்டர்னி, கொடுத்தவருக்குப் புரியும் திறன் போனதும் இந்த நாட்டில் செல்லாமல் போய்விடும். 'அம்மா அப்பவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டாங்க' என்று நம்பி இருக்காதீர்கள்.

தம்பி சொல்லும் டயாலிசிஸுக்கு வருகிறேன். டர்பனில் இதே விஷயம் 1997-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் வரை போனது. தியாகராஜ் சூப்ரமணி, நம்மவர், 41 வயது, சர்க்கரையும் இதய நோயும் இருந்தவர். அடிங்டன் மருத்துவமனையில் டயாலிசிஸ் கேட்டார். மெஷின்கள் குறைவு, சிறுநீரக மாற்றுக்குத் தகுதியானவர்களுக்கே முதலிடம் என்ற விதியில் அவர் வரவில்லை. நீதிமன்றம் மருத்துவமனை பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார். அந்தத் தீர்ப்பை நினைத்தால் இன்றும் எனக்கு மனசு கனக்கும். ஆனால் வக்கீலுக்குப் பணம் கட்டும் முன் தம்பிக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

அதைவிட முக்கியமானது வேறு. 81 வயதில், வாதமும் சர்க்கரையும் சேர்ந்த உடம்புக்கு, வாரம் மூன்று நாள் மெஷினில் படுப்பது ஆயுளைப் பெரிதாகக் கூட்டாமலே போகலாம். அந்த நாட்களை எல்லாம் வேனிலும் வார்டிலும் கழிக்க வேண்டிவரும். மருந்தாலும் சாப்பாட்டாலும் வலி, வாந்தி, வீக்கம் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் ஒரு சிகிச்சைதான். 'கைவிட்டுட்டாங்க' என்று தம்பி நினைப்பது அது அல்ல. ஆகவே டாக்டரிடம் 'ஏன் தர மாட்டீங்க?' என்று தொடங்காமல், 'டயாலிசிஸ் இல்லாமல் அம்மாவை எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறீர்கள்? எந்த அறிகுறி வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும்?' என்று கேளுங்கள். தம்பியைப் போனில் ஸ்பீக்கரில் போடுங்கள், அவரும் நேரடியாகக் கேட்கட்டும். அம்மா 'வீட்டுக்குப் போலாம்' என்று சொன்னதையும் அங்கே சொல்லுங்கள். டாக்டர் கணக்கில் எடுக்க வேண்டிய பதில் அது.

அண்ணனின் பயத்தை நான் உதறித் தள்ள மாட்டேன். அப்படி நடந்ததே இல்லை என்று சொன்னால் நான் பொய் சொன்னவள் ஆவேன். ஆனால் பேசாமல் இருந்த வீட்டு நோயாளிக்குத்தான் நாலு நாள் தட்டு திரும்பிப் போனது. யாரிடம், எப்போது பேசுவது என்பதில்தான் விஷயம். தோளில் மெரூன் பட்டை போட்டவர் பயிற்சி முடித்த சிஸ்டர், அவரிடம் பேசுங்கள், தட்டு எடுப்பவரிடம் கோபப்பட்டுப் பயனில்லை. டாக்டர்கள் காலையில் ரவுண்டு வந்துவிட்டுப் போய்விடுவார்கள், விசிட்டிங் நேரமோ மத்தியானம். அதனால்தான் குடும்பமும் டாக்டரும் சந்திப்பதே இல்லை. அடுத்த முறை சேர்க்க நேர்ந்தால் முதல் நாளே வார்டு சோஷியல் வொர்க்கரைக் கேட்டு ஒரு குடும்பச் சந்திப்புக்கு நேரம் வாங்குங்கள். அது எங்கள் வேலை, தயங்க வேண்டாம்.

2.8 விஷயத்தை எழுத்தில் கொடுங்கள். தேதி, நேரம், சுகர் அளவு, ஃபைலில் இருந்த வரி, அவ்வளவுதான். யார் பெயரையும் திட்ட வேண்டாம். கடைசியில், 'சாப்பிட்டாரா என்று பார்த்த பிறகே இன்சுலின் போட என்ன ஏற்பாடு செய்வீர்கள்?' என்று ஒரு கேள்வி. வார்டு மேனேஜருக்கு ஒன்று, மருத்துவமனைத் தலைமை அதிகாரிக்கு ஒன்று, உங்களுக்கு ஒரு காப்பி. அரசு மருத்துவமனைகள் புகாரை 25 வேலை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. பதில் வராவிட்டால் ஹெல்த் ஓம்பட் என்ற தேசிய குறைகேட்பு அதிகாரியிடம் போகலாம், அதற்குப் பணம் கட்ட வேண்டாம். அந்த வார்டில் உங்கள் அம்மாவிடம் நன்றாக நடந்துகொண்ட நர்ஸ் ஒருவராவது இருந்திருப்பார். அவர் பெயரைப் பாராட்டி அதே கடிதத்தில் ஒரு வரி எழுதுங்கள். இரவில் இரண்டு பேர் ஒரு வார்டையே பார்க்கும் நிலையில் அந்த வரி அவர்களுக்கு என்ன என்பது எனக்குத் தெரியும்.

பணம்: அம்மா முதியோர் பென்ஷன் வாங்குகிறார் என்றால், முழுநேரம் ஆள் வைத்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு அதோடு சேர்த்துத் தரும் 'கிராண்ட் இன் எய்ட்' என்ற உதவித்தொகை உண்டு. டாக்டர் சர்ட்டிஃபிகேட்டோடு, அரசு உதவித்தொகை தரும் சாசா அலுவலகத்தில் கேளுங்கள். அண்ணன் பக்கத்தில்தானே இருக்கிறார், வாரம் ஒரு ராத்திரி அவர் அம்மாவோடு படுக்கட்டும். நீங்கள் தூங்க வேண்டும்.

கோகோவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கேள்வியைப் படித்ததும் உங்கள்மேல் எனக்குத் தனி மரியாதை வந்தது. 2016-இல் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் நடந்தது நினைவிருக்கும். லைஃப் எசிதிமேனி இல்லங்களிலிருந்த மனநோயாளிகளை அரசு அவசரமாக வெளியே மாற்றியது. அவர்களில் பலரால் பேசவே முடியாது. மாற்றும் முன்பே வேண்டாம் என்று கெஞ்சியவர்கள் அவர்களின் அம்மாக்களும் அக்காக்களும்தான். யாரும் கேட்கவில்லை. 144 பேர் செத்துப்போனார்கள். அப்புறமும் அந்தக் குடும்பங்கள் விடவில்லை. ஒன்றாகச் சேர்ந்தார்கள், ஓம்பட் விசாரித்தார், 2017-18-இல் முன்னாள் நீதிபதி மோசெனெகே முன்னால் அதிகாரிகளை உட்காரவைத்துப் பதில் சொல்லவைத்தார்கள். அவர்கள் யாரும் படித்த சட்ட நிபுணர்களாகத் தொடங்கவில்லை. சாப்பாட்டு டப்பாவோடு பார்க்க வந்தவர்கள்.

நம் ஊரில் இதற்கு ஒரு சின்ன வாசல் திறந்தே இருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு போர்டு, கிளினிக்குகளுக்குக் கமிட்டி இருக்க வேண்டும், கிளினிக் கமிட்டியில் அந்தப் பகுதி மக்களில் ஒருவராவது உட்கார வேண்டும் என்று அதே 2003 சட்டம் சொல்கிறது. பல இடங்களில் அந்த நாற்காலி காலியாகவோ, பெயரளவிலோ இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் கிளினிக்கில் கமிட்டி எப்போது கூடுகிறது என்று செக்கப் அன்றே கேளுங்கள். இப்போதே போய் உட்காரச் சொல்லவில்லை, உங்கள் கை நிறைய வேலை இருக்கிறது. ஆனால் போகும் நாள் வந்தால் ஒரு கோரிக்கை போதும்: வார்டில் சேரும் ஒவ்வொரு முதியவருக்கும், பார்க்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும், முதல் நாளே அந்த ஒரு பக்கத் தாளை நிரப்ப வேண்டும். கோகோவுக்கு யாரும் வரவில்லை என்றால் கோகோவிடமே உட்கார்ந்து கேட்டு எழுதலாம். ஜூலு பேசும் நர்ஸுக்கு அது பத்து நிமிஷ வேலை.

சரி, முதலில் அம்மா. டிவியை அணைத்துவிட்டு எதிரே உட்காருங்கள். "உனக்கு இப்போ என்னம்மா வேணும்?" என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா